கொல்லிமலையில் ஒரு பழைய மாருதி

கொல்லிமலையில் ஆசிரியர், நர்சு, மிளகு வியாபாரி என்று அடிக்கடி மலையேறி இறங்க வேண்டியவர்கள் வைத்திருந்த கார்கள் பெரும்பாலும் கீழே நாமக்கல்லிலோ சேலத்திலோ இரண்டு மூன்று கை மாறி, விலை நன்றாக இறங்கிய பிறகு மேலே வந்தவை. புதுக் காரை அந்தப் பாதையில் தினமும் ஓட்ட மனசு வராது. வந்தாலும் மாதத் தவணை கட்டி முடிப்பதற்குள் வண்டி பழசாகிவிடும். பழைய வண்டியில் அந்த இரண்டு கவலையும் இல்லை. வேறு கவலைகள் உண்டு. செம்மேட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் 2011இல் வாங்கி 2023 வரை ஓட்டிய வெள்ளை மாருதி 800 அவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் பார்த்தது.

வண்டியைச் சொல்வதற்கு முன் பாதையைச் சொல்லிவிட வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரை உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம் கொல்லிமலை. நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வந்தால் அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மலைக்காரர்கள் இடம் சொல்வதே அந்த எண்ணை வைத்துத்தான். மேலே சோளக்காடு, செம்மேடு, அதற்கும் அப்பால் அரப்பளீஸ்வரர் கோயில். முள்ளுக்குறிச்சி பக்கமிருந்து இன்னொரு பாதையும் உண்டு என்றாலும் நாமக்கல் போய்வருகிறவர்களுக்குக் காரவள்ளிதான் வாசல். அரசுப் பேருந்து ஏறுகிறது. ஆனால் கடைசிப் பேருந்தை விட்டவருக்கு அடிவாரத்தில் சரக்கு ஜீப்போ தக்காளி வண்டியோ வந்தால்தான் கதி. வராவிட்டால் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை. மழைக்காலத்தில் ஒருமுறை அப்படித் திண்ணையில் இரவைக் கழித்த பிறகுதான் ஆசிரியர் வீட்டில் கார்ப் பேச்சு எழுந்தது.

அந்த விலைக்கு அன்று கிடைத்தவை நான்கு வகை. முதலாவது அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் தொடரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் இறுதியில் இருந்து கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரான இந்த வண்டி 2014 மே வரை வந்துகொண்டிருந்தது. எட்டுப் பேரை ஏற்றினாலும் முனகாது. ஆனால் குடிக்கிற பெட்ரோலுக்கு ஆசிரியர் சம்பளம் தாங்காது, டீசல் என்றால் ஏறும்போது பின்னால் வருகிறவன் கரும்புகையில் மறைந்துபோவான். இரண்டாவது மஹிந்திரா ஜீப். மலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது, ஆனால் அதன் விலையை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருந்ததே அந்தப் பொருத்தம்தான். மூன்றாவது ஆம்னி வேன். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் மலையேறி முடிக்கையில் ஓட்டுகிறவரின் தொடை வெந்திருக்கும். பின்சக்கர இழுவை என்பதால் ஏற்றத்தில் பிடிப்பு நன்றாக இருக்கும் என்ற நியாயத்துக்காக வியாபாரிகள் அதை விடவில்லை.

மாருதி 800 நான்காவது. 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற கார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 650 கிலோ எடை. ஆசிரியர் வாங்கியது 1998 மாடல்: நான்கு கியர், கார்புரேட்டர், ஏ.சி. கிடையாது. மூன்றாவது ஓனர் ஆகிற யோகம். விலை ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல்.

நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் ஊர். ஆயிரக்கணக்கில் லாரியும் டேங்கரும் ட்ரெய்லரும் புறப்பட்டுத் திரும்பும் ஊரில் வண்டியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தே நோய் சொல்கிற ஆட்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். அப்படி ஒருவர்தான் வாங்கும் நாளில் உடன் வந்தார். முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தால் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார், குளிர்ந்த எஞ்சினில் தெரியக்கூடிய குறை தெரியாது. சில்லென்று இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் வழவழப்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இரண்டும் இல்லை. பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாம் கியர் போட்டு கிளட்சை மெதுவாக விட்டார். எஞ்சின் உடனே அணைந்தது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது, மலையில் பத்தாவது வளைவைத் தாண்டாது. கடைசியாகக் கால்மிதியைத் தூக்கித் தளத்தில் ஸ்குரு டிரைவரால் தட்டினார். துரு ஆரம்பித்திருந்தது.

விற்பவர் பெயின்ட் அடித்துப் புதுசாக்கிய கதவுகளைக் காட்டிக்கொண்டே இருந்தார். மெக்கானிக் ஆசிரியரைத் தனியே அழைத்தார்: "பெயின்ட்டப் பாக்காதீங்க சார். மலைக்குப் போற வண்டிக்கு கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் மூணும் சரியா இருக்கணும். மத்தது போகப் போகப் பாத்துக்கலாம்." துருவைக் காட்டி மூவாயிரம் குறைத்தும் கொடுத்தார்.

அன்று முன்பணம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது காகிதத்தில்தான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். முன்பு கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் முடிந்ததற்கான 35ஆம் எண் படிவமும் நிதி நிறுவனத்தின் கடிதமும் வேண்டும். பேர் மாற்றுவதற்கு 29, 30 ஆகிய படிவங்கள். கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பேர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு; வண்டி எங்காவது இடித்துவிட்டால் வழக்கு ஆர்.சி.யில் பேர் உள்ளவர் வாசலுக்குத்தான் முதலில் போகும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். பதின்மூன்று வயது வண்டிக்கு அதற்கு மேல் காப்பீடு எடுப்பதில் பெரிய லாபம் இல்லை.

மலையேற்றம் தனி வித்தை. சமவெளியில் நான்காம் கியரில் வழுக்கிக்கொண்டு போன வண்டி காரவள்ளியில் இரண்டாம் கியருக்கு வந்தால் செம்மேடு வரை அதிலேயே இருக்கும்; வளைவில் முதல் கியர். கூர்மையான இடப்பக்க வளைவில் உள்பக்கம் ஒட்டி ஏறினால் சரிவு செங்குத்தாக வரும், வெளிவட்டமாக எடுத்தால் சற்றுத் தணியும். ஆனால் வெளிவட்டம் என்பது எதிரே இறங்குகிறவரின் பாதை, ஆகவே ஹாரன் அடிக்காமல் எடுக்கக் கூடாது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. மலைக்காரர்கள் அதைப் பெரும்பாலும் மதிப்பார்கள். வார இறுதியில் ஊர்சுற்ற வருகிறவர்களுக்குத்தான் அது தெரியாது.

மாருதி 800 முன்சக்கர இழுவை வண்டி. ஏற்றத்தில் எடை பின்னுக்குச் சாயும். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு பலாப்பழமும் இருந்தால் முன்சக்கரத்தின் மேல் அழுத்தம் இன்னும் குறையும். மழையில் நனைந்த சருகு கிடக்கும் வளைவில் முதல் கியரில் கால் கொஞ்சம் அழுந்திவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்கு வைத்தியம், கனத்த ஆளை முன் சீட்டுக்கு மாற்றுவதும் பலாப்பழத்தை அவர் காலடியில் வைப்பதும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும். போதாவிட்டால் பின்னால் இருப்பவர்கள் இறங்கி வளைவைத் தாண்டி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆசிரியரின் மாமியார் அப்படி இறங்கி நடந்தபோது "இதுக்கு பஸ்ஸே தேவலாம்" என்று சொன்னது வீட்டில் நெடுநாள் பழமொழியாக இருந்தது.

பழைய வண்டிகளை இந்தப் பாதையில் அதிகம் நிறுத்துவது சூடு. எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது, வண்டியோ மனிதன் ஓடும் வேகத்தில்கூடப் போகவில்லை. ரேடியேட்டரில் காற்றுப்படுவது மின்விசிறியை மட்டும் நம்பித்தான். 1,200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் நூறைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அந்தக் காப்பு போய்விடும். சில நூறு ரூபாய் சாமான்தான், அதைக் கவனிக்காமல் ஹெட்டை வளைத்துக்கொண்டவர்கள் பலர்.

ஆடி 17, 18இல் வல்வில் ஓரி விழா. மலையில் அந்த இரண்டு நாளும் வண்டிக்கு மேல் வண்டி. ஒரு விழா நாளில் வளைவு வளைவாக நின்று நின்று ஏறியதில் ஆசிரியரின் காரில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்தில் ஆவி. வண்டியை ஓரம்கட்டி, அவர் துணியை மடித்து ரேடியேட்டர் மூடியில் வைக்கப் போனார். பின்னால் நின்ற ஜீப்பில் இருந்து ஓட்டுநர் குதித்து வந்தார்.

"சார், மூடியில கைய வைக்காதீங்க! மொகமெல்லாம் வெந்துரும். அக்கா, நீங்க எறங்கி அந்தப் பக்கம் நில்லுங்க."

பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தார். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். தண்ணீர் ஊற்ற அவசரப்படவே இல்லை. கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கும் என்றார். விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தார், தாராளமாகச் சுழன்றது. ஆக மோட்டாரில் கோளாறு இல்லை, சூடு ஏறியதும் அதை ஓடவைக்கும் சுவிட்ச் வயதாகிச் செத்திருக்கிறது. ஜீப்பின் சீட்டுக்கு அடியில் இருந்து ஒயர்த் துண்டு ஒன்றை எடுத்து, பல்லால் முனை சீவி, விசிறியை நேராக பேட்டரியில் மாட்டினார். விசிறி ஓடியது.

"ஊரு போற வரைக்கும் ஓடிட்டே இருக்கும் சார். எறங்குனதும் மறக்காம புடுங்கி உட்ருங்க. இல்லன்னா காலையில பேட்டரி இருக்காது."

காசு கொடுத்ததற்கு வாங்கவில்லை. அந்த ஒயர் பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாதாரண வீட்டு சுவிட்சாக மாறியது. காரவள்ளியில் சுவிட்சைப் போடுவதும் செம்மேட்டில் அணைப்பதும் வண்டி ஓட்டும் முறையில் சேர்ந்துகொண்டன. கம்பெனி வைத்த சுவிட்சை மாற்றுவதற்கு யாரும் மெனக்கெடவில்லை.

ஏற்றத்தில் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். ஆபத்தெல்லாம் இறக்கத்தில்தான். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது மலை ஓட்டுநர்கள் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டினால் முழு எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். முப்பது வளைவுக்குள் டிஸ்க் காய்ந்து, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு இறங்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல் கொதிக்கிற சாதாரண டாட் 3 ஆயில், ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. பெடலை மிதித்தால் பஞ்சை மிதித்ததுபோல் அடிவரை போகும். ஆகவே மலையில் வைத்திருக்கும் வண்டிக்கு ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதாது, பழசாகிவிட்டதா என்றும் பார்த்து மாற்ற வேண்டும். இறங்கும் வழியில் கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். அங்கே நிறுத்தினால் குரங்குகள் வரும். கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது.

நாள்பட நாள்பட இன்னொரு சத்தம் சேர்ந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று ஒலி. முன்சக்கர இழுவை வண்டியில் ஆக்ஸிலின் வெளி ஜாயிண்ட்தான் திரும்பிய நிலையிலும் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது முழுக் கோணத்தில் முழுப் பாரத்தை இழுக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறி மண் புகுந்தால் ஜாயிண்ட் சில மாதமே தாங்கும். சமவெளிக்காரர் வண்டியின் ஆயுளில் ஒரு தடவை மாற்றலாம், மாற்றாமலும் போகலாம். மலையில் கிளட்ச் பிளேட்டைப் போல அதுவும் தேய்மானச் செலவில் சேர்ந்துவிட்டது.

மேலே வந்து சேர்ந்த பிறகும் மலை வண்டியை விடாது. கார்த்திகை, மார்கழிப் பனியில் காலையில் பேட்டரி முனகும். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தாமல் சற்று மேலே சரிவில் முகம் கீழே பார்க்க நிறுத்துவது அதற்காகத்தான். இரண்டாம் கியரில் போட்டு உருட்டிவிட்டால் பத்தடியில் பிடித்துக்கொள்ளும். ஈரமூட்டம் கதவின் அடிவிளிம்பையும் தளத்தையும் உள்ளிருந்து அரிக்கும். மூன்றாம் மழைக்காலத்தில் ஓட்டுநர் காலடியில் ரோடு தெரிந்தது. தகடு வைத்துப் பற்றவைத்து, தார் பூசி மூடினார்கள். உயரத்தில் காற்று இளைத்திருப்பதால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். பிளக் கருக்கும், மைலேஜ் லிட்டருக்குப் பன்னிரண்டைத் தொட்டால் பெரிது. செம்மேட்டுப் பட்டறைக்காரர் கலவைத் திருகைச் சற்றே முறுக்கி அதைச் சரிசெய்வார். சேலம் போய்வரும் நாளில் ஆசிரியரே ஸ்குரு டிரைவரால் அதைத் திருப்பிவைக்கப் பழகியிருந்தார்.

அந்த மலையில் பழைய கார் தாக்குப்பிடித்ததற்குக் காரணமும் அந்தத் திருகில் இருக்கிறது. ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் பார்க்கிற பட்டறையில் கணினி கிடையாது. பாதி வழியில் ஒரு சென்சார் போனதால் அசையாமல் நிற்கும் புதுக் காரை ஏற்றிக்கொண்டு போக நாமக்கல்லில் இருந்து மீட்பு வண்டி வர வேண்டும். வாடகை நெஞ்சைப் பிடிக்கும். கார்புரேட்டர் வண்டியில் அநேகமாக எல்லாக் கோளாறும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். சாமான் வேண்டுமென்றால் நாமக்கல் கடைக்குப் போன் செய்தால் போதும், காலைப் பேருந்தில் ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் பொட்டலம் ஏறிவிடும். செம்மேட்டில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியது. வண்டி எவ்வளவு பழசு என்பதைவிட, கெட்டுப்போனால் பக்கத்து ஊர்க்காரர் கை வைக்க முடியுமா என்பதே மலையில் ஒரு காருக்கு மதிப்பு. விற்பனை விளம்பரங்களில் இந்தக் கணக்கு வராது.

மலையில் கார் வைத்திருப்பவருக்கு அது சொந்தக் கார் என்ற நினைப்பும் வெகுநாள் நீடிக்காது. சோளக்காட்டுச் சந்தைக்கு வாழைத்தார், பள்ளிக்கு முட்டை அட்டை, ராத்திரியில் இடுப்புவலி எடுத்த பெண், தேர்வு எழுதக் கீழே போக வேண்டிய பிள்ளைகள் என்று யாருக்காகவாவது அது புறப்பட்டுக்கொண்டே இருந்தது. பதிலுக்கு வீட்டில் பலாவும் அன்னாசியும் தீர்ந்ததில்லை. மிளகு விலை நன்றாக இருந்த ஒரு வருடம் பக்கத்துத் தோட்டக்காரர் தானாகவே இரண்டு டயர் வாங்கிப் போட்டுவிட்டார்.

மலையால் முடியாததைக் கடைசியில் காகிதம்தான் செய்தது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; அதன் பிறகு வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்கி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 1998 வண்டிக்கு 2013இலும் 2018இலும் புதுப்பிப்பு நடந்தது, பசுமை வரியும் கட்டியாயிற்று. அப்போதெல்லாம் கட்டணம் பெரிதில்லை. 2022 ஏப்ரல் முதல் தேதியில் இருந்து 15 ஆண்டு தாண்டிய காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு அது 10,000 ஆக உயர்ந்தபோது இந்த வண்டி இல்லை. 2023 புதுப்பிப்புக்குத் தளம், கதவு, முகப்பு விளக்கு என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து காட்ட ஆகும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிப் போனது. அதே வருடம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் பழைய கார்புரேட்டரின் ரப்பர் வாஷரையும் பெட்ரோல் குழாயையும் இளக்கும். நீரை இழுத்து டேங்குக்குள் துருவை வளர்க்கும். குழாயை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 800க்கான கார்புரேட்டர் சாமான் கடைகளில் அருகிக்கொண்டே வந்தது, கிடைத்தவை போலிகள்.

வண்டி கடைசியாக இறங்கியது தன் சக்கரத்தில்தான், இழுத்துக்கொண்டு போகவில்லை. நாமக்கல் காயலான் கடையில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனி விலை, தகடு கிலோ கணக்கு. பேட்டரியும் தோட்டக்காரர் போட்ட டயர்களும் முன்கூட்டியே கழற்றப்பட்டு வேறொரு 800க்குப் போயிருந்தன. வாங்கியவரிடம் ஆசிரியர் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்: சேசிஸ் எண் பொறித்த தகட்டுத் துண்டைத் தன் கண் முன்னால் வெட்டித் தர வேண்டும். உடைத்த வண்டியின் எண் திருட்டு வண்டிக்குப் போய் ஒட்டிக்கொள்வது நடக்கிற காரியம். பிறகு எங்கோ நடந்த விபத்துக்கு நோட்டீஸ் பழைய ஓனர் பேருக்கு வரும். வண்டி அழிக்கப்பட்டால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. வெட்டிய துண்டையும் ஆர்.சி.யையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்து, பதிவு ரத்தானதற்கு எழுத்துமூலம் சான்று வாங்கிய பிறகே அவர் செம்மேட்டுப் பேருந்தில் ஏறினார்.